ஈமாக்ஸ் 28.2-க்கு இறங்கிப் பார்த்த அனுபவம்

ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்திக்காக நான் பராமரித்துவரும் சிறிய பேக்கேஜ் (கூடுதல் நிரல் தொகுப்பு) 28.1 முதற்கொண்டு இயங்க வேண்டும் என்பதற்காக, அன்றாட வேலை முழுவதையும் 29-இலிருந்து 28.2-க்கு மாற்றிக்கொண்டேன். சோதனைகளை மட்டும் பழைய பதிப்பில் ஓட்டியிருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் புழங்கினால்தான் கண்ணில் படும் குறைகள் சில உண்டு.

மூலநிரலை இறக்கி, நிறுவும் இடத்தைத் தனி ஃபோல்டராகக் குறித்து கம்பைல் செய்ததில் தொல்லை ஏதும் இல்லை. இரு பதிப்புகளும் அருகருகே இருக்கின்றன. தொல்லை அமைப்புகளைப் பிரிப்பதில்தான். வேறு ஃபோல்டரிலிருந்து அமைப்புகளைப் படிக்கவைக்கும் ‘--இனிட்-டைரக்டரி’ 29-இல் அறிமுகமானது என்பதால் இங்கே கிடையாது. பயனரின் வீட்டு ஃபோல்டரைக் குறிக்கும் ‘ஹோம்’ சூழல் மாறியை மாற்றினால், ஈமாக்ஸுக்குள்ளிருந்து இயங்கும் ‘கிட்’ (பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி) கூடத் தன் அமைப்புகளைப் புது இடத்தில் தேடத் தொடங்கிவிடும். ஆகவே ‘-க்யூ’ கொடுத்து தொடங்கும்போது படிக்கப்படும் வழக்கமான அமைப்புக் கோப்பான இனிட் கோப்பைத் தவிர்த்து, ‘-எல்’ மூலம் தனிக் கோப்பு ஒன்றை ஏற்றினேன். ‘-க்யூ’ கொடுத்தால் பேக்கேஜ்கள் தாமாக இயங்குநிலைக்கு வருவதில்லை. அவற்றின் ஃபோல்டரைக் குறித்து, ‘பேக்கேஜ்-இனிஷியலைஸ்’ வரியையும் நாமே எழுத வேண்டும்.

பேக்கேஜ் ஃபோல்டரை 29-இலிருந்து அப்படியே நகலெடுப்பது வீண்வேலை. நேட்டிவ் கம்பைல் செய்த (நேரடி இயந்திர நிரலாக மாற்றிய) கோப்புகளை ஈமாக்ஸ் பதிப்புவாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் வைப்பதால் அவற்றால் குழப்பம் இல்லை. பைட்-கம்பைல் செய்த (ஈமாக்ஸின் இடைநிலை நிரலாக மாற்றிய) கோப்புகளோ மூலநிரலின் பக்கத்திலேயே கிடக்கும். மேக்ரோக்கள் (வேறு நிரலாக விரியும் சுருக்கங்கள்) கம்பைல் ஆகும்போதே விரிந்துவிடுவதால், 29-இல் மட்டுமே உள்ள துணைச் சார்புகளுக்கான அழைப்புகள் அவற்றினுள் பதிந்திருக்கக்கூடும். உதாரணமாக, மூலத்தில் ‘செட்ஆப்ட்’ (அமைப்புக்கு மதிப்பு தரும், 29-இல் வந்த மேக்ரோ) என்றிருந்தாலும், பிழைச்செய்தி ‘செட்ஆப்ட்--செட்’ இல்லை என்று முறையிடும். அந்தப் பெயரை மூலத்தில் தேடினால் அகப்படாது. எனவே பேக்கேஜ்களை 28.2-இலேயே புதிதாக நிறுவினேன். என் அமைப்புகளில் இருந்த ‘செட்ஆப்ட்’ வரிகளை ‘கஸ்டமைஸ்-செட்-வேரியபிள்’ ஆக்கினேன். வெறும் ‘செட்க்யூ’ போட்டால் அந்தந்த மாறிக்கென எழுதப்பட்ட அமைப்புச் சார்பு ஓடாது.

பிழைச்செய்தி வருவதும் ஒருவகையில் நல்லதுதான். ஒரு மோடுக்கு (கோப்பு வகைக்கேற்ற இயங்குமுறைக்கு) பதில் வேறொன்றைத் திறக்கச் சொல்லும் ‘மேஜர்-மோட்-ரீமேப்-அலிஸ்ட்’ மாறி 29-இல் பிறந்தது. பழைய பதிப்பில் அதற்கு ‘செட்க்யூ’ மூலம் மதிப்பு கொடுத்தால் ஈமாக்ஸ் வாய் திறவாமல் ஏற்றுக்கொண்டு, ட்ரீ-சிட்டர் (நிரலின் இலக்கண அமைப்பை அலசும் நூலகம்) மோடுக்குப் பதில் பழைய பைத்தான் மோடையே திறக்கும்.

என் பேக்கேஜைப் பழைய பதிப்பில் கம்பைல் செய்ததும் வரியின் தொடக்க இடத்தைத் தரும் ‘பாஸ்-பால்’ என்ற சார்பு அறியப்படாதது என்ற எச்சரிக்கை வந்தது. அதுவும் 29-இன் வரவு. ‘லைன்-பிகினிங்-பொசிஷன்’ என்று மாற்றியதும் எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் ஈமாக்ஸுக்குள் கட்டளைகளை இயக்கும் ஷெல் பஃபரில் முடிவு மாறியது. அங்கே வரியின் முன்னே தோன்றும் பிராம்ப்ட் ஒரு ஃபீல்டு, அதாவது தனிப் பகுதி. கர்சர் கட்டளைப் பகுதியில் நிற்கும்போது ‘லைன்-பிகினிங்-பொசிஷன்’ பிராம்ப்ட் முடியும் எல்லையோடு நின்றுவிடுகிறது, ‘பாஸ்-பால்’ வரியின் உண்மையான தொடக்கத்தைத் தருகிறது. ‘இன்ஹிபிட்-ஃபீல்டு-டெக்ஸ்ட்-மோஷன்’ மாறியை அந்த அழைப்பைச் சுற்றி மட்டும் உண்மையாக்கிச் சரிசெய்தேன். புதிய சார்புகளைப் பழைய பதிப்புகளுக்கும் தரும் காம்பாட் நூலகத்தைச் சேர்த்தால் இதெல்லாம் தேவைப்படாது. ஒரே ஒரு சார்புக்காக இன்னொரு நூலகத்தையும் சுமக்க மனம் வரவில்லை. அடுத்து, இதே சோதனைகளை 28.1-இல் பேட்ச் முறையில் (திரையைத் திறக்காமல்) ஓட்ட வேண்டும்.