ஒரு காரணம் போதும் சார்

"காரணம் ஒண்ணு போதும் சார், பிள்ளைங்க குழம்பிடுவாங்க" என்று மேடம் சொன்னபோது நான் பெரிதாக வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் முடிவுக்கு வர முடியவில்லை.

பாடம், 845ல் சீனாவின் தாங் பேரரசர் வூசோங் பௌத்த மடங்களை இடித்தது. எட்டாம் வகுப்புக்கான வீடியோ, நான்கு நிமிடம். நான் எழுதிய ஸ்கிரிப்டில் எண்கள் பளிச்சென்று இருந்தன: இடிபட்ட மடங்கள் 4,600. துறவு கலைக்கப்பட்டு வரி கட்டும் குடிகளாக மாற்றப்பட்டவர்கள் 2,60,500 பேர். மடத்து அடிமைகள் 1,50,000 பேருக்கும் அதே கதி. வெண்கலச் சிலைகளும் மணிகளும் உருகிக் காசாயின, இரும்புச் சிலைகள் உழவுக் கருவிகளாயின.

அரசாணை சொன்ன நியாயம்: ஓர் ஆண் உழாவிட்டால் எங்கோ ஒருவர் பட்டினி, ஒரு பெண் பட்டுப்புழு வளர்க்காவிட்டால் எங்கோ ஒருவர் குளிரில். துறவிகளோ வரியும் கட்டுவதில்லை, அரசுக்குக் கட்டாய உழைப்பும் தருவதில்லை. கேட்டால் சரியாகத்தான் படும்.

மேடம் வெட்டச் சொன்னது அடுத்த பத்தியை. 755ல் தளபதி ஆன் லூஷானின் கலகம் வெடித்துக் கஜானா காலியானபோது, துறவிச் சான்றிதழ்களைக் காசுக்கு விற்றதே அரசுதான். வாங்கியவனுக்கு வாழ்நாள் முழுக்க வரி கிடையாது. அன்றைக்கு மொத்தமாகக் காசை வாங்கிச் செலவழித்துவிட்டு, 90 வருடம் கழித்து "ஏன் இத்தனை துறவிகள்?" என்றால்? வூசோங் சீனாவின் சொந்த மதமான தாவோவில் ஊறியவர் என்பதும், கிறிஸ்தவர்களும் ஜொராஸ்டிரியர்களும் அதே ஆணையில் அடிபட்டார்கள் என்பதும் கூடவே போயின. மிஞ்சிய காரணம் வரி மட்டும்.

நான் பொய் எழுதவில்லை. வரி உண்மையான காரணம்தான், நான்கு நிமிடத்தில் வேறென்ன சொல்வது? ஆனால் அந்த எண்களெல்லாம் அரசவை எண்ணியவை. அவற்றை மட்டும் வைத்தால் பாடம் வூசோங்கின் குரலில் பேசுகிறது. துறவாடையைக் களைந்து வெளியேற்றப்பட்ட ஜப்பானியத் துறவி என்னின் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. சரி, அவர் மட்டும் நடுநிலையா? அவரை நம்பி எழுதினால் மடங்கள் அப்பாவிகளாகிவிடும். அந்த ஒன்றரை லட்சம் அடிமைகளை எங்கே வைப்பது?

சீனாவின் வடமேற்கில் உள்ள துன்ஹுவாங்கின் பௌத்தக் குகைக் கோயில்கள் தப்பித்த கதையையும் சொல்லிப் பார்த்தேன். அந்த ஊர் அப்போது திபெத்தியப் பேரரசின் கையில் இருந்தது, வூசோங்கின் ஆணை அங்கே செல்லாது. மேடம் சிரித்தார். "இது அஞ்சாவது நிமிஷம் சார்."

846ல் வூசோங் இறந்தார், அடுத்து வந்தவர் மடங்களைத் திரும்பத் திறக்கவிட்டார். பாடத்தின் கடைசி வாக்கியம் அதுதான். வரிதான் காரணம் என்றால் புதியவர் ஏன் திறக்கவிட்டார், ஒரே வருடத்தில் கஜானா நிறைந்துவிட்டதா என்று ஒரு பிள்ளை கேட்கலாம். மேடத்திடம் இதை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த வாக்கியத்தையும் வெட்டிவிடுவார்.