கேட்க ஆள் இல்லாத வேலைகள்

டிசம்பர் வந்தால் சம்பளப் பிரிவில் இருக்கும் எங்களுக்கு ஒரே வேலைதான், எல்லோர் பின்னாலும் ஓடி வரிச் சலுகைக்கான ஆதாரம் கேட்பது. வாடகை ரசீது, எல்ஐசி ரசீது, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வீட்டுக் கடனுக்கு பேங்க் கொடுக்கும் வட்டிச் சான்றிதழ். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும், அதைக் கேட்டு வாங்குவதற்குள் குடியிருப்பவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நிதியாண்டு மார்ச்சில்தான் முடிகிறது, ஆனாலும் வரிப் பிடித்தத்தைக் கடைசி மாதங்களில் சரிக்கட்ட வேண்டுமே, அதனால் நெருக்கடி இப்போதே வந்துவிடுகிறது.

இதே மாதத்தில்தான் மகளுக்கு அரையாண்டுத் தேர்வு. மார்கழி பிறந்ததும் அம்மா இருட்டிலேயே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்துவிடுவார். சென்னை முழுக்க சபாக்களில் கச்சேரி. மிச்சமிருக்கும் லீவை 31-ஆம் தேதிக்குள் எடுக்காவிட்டால் அதுவும் போச்சு. நடுவில் மழை வேறு.

அலுவலகத்துக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, நமக்கு இவ்வளவு என்று நேரத்தைக் கூறு போட்டு வாழச் சொல்கிறார்கள். டிசம்பரில் அது நடக்காது, நடக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு மாதம் அலுவலகம் பக்கம் சாய்ந்தால் சாயட்டும். என் கவலை வேறு.

இத்தனை வருஷம் ஆட்களைத் துரத்தி ரசீது வாங்கியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: யாரும் சோம்பேறி இல்லை, கேட்க ஆள் இருக்கும் வேலை எப்படியாவது நடந்துவிடும். வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை வரிக்கான வருமானத்தில் கழிக்கலாம், குடும்பத்துக்கும் பெற்றோருக்கும் செய்யும் முன்னெச்சரிக்கை உடல் பரிசோதனைக்கும் மொத்தமாக 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். பிரீமியம் ரசீதை எல்லோரும் கொடுக்கிறார்கள். பரிசோதனை பில் கொடுப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரீமியம் கட்டச் சொல்லி கம்பெனியிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ் வரும், அப்பாவுக்கு சுகர் பார்த்தாயா என்று யார் மெசேஜ் அனுப்புவார்கள்?

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். தேர்வைப் பற்றிக் கேட்க ஸ்கூல் இருக்கிறது, ரசீதுகளைக் கேட்க மேனேஜர் இருக்கிறார். அம்மாவின் கண், என் நடைப்பயிற்சி, கல்லூரித் தோழிக்கு ஒரு போன், இதையெல்லாம் கேட்பார் யாருமில்லை. அம்மாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்வை நன்றாக இருக்கும்போதே. தொந்தரவு தெரிகிற வரை காத்திருந்தால் அதற்குள் உள்ளே பாதிப்பு முற்றியிருக்கலாம்.

அதனால் இந்தத் தடவை கேட்கும் வேலையை வீட்டுக்குள்ளேயே பங்கு போட்டோம். பாட்டியின் கண்ணுக்கு மகள் பொறுப்பு. தேர்வுக்குப் படிக்கிற நேரத்திலும் தினம் ராத்திரி "அம்மா, பாட்டிக்கு டோக்கன் போட்டாச்சா?" என்று கேட்டாள், விடவே இல்லை. மிச்சமிருந்த லீவில் ஒன்றை எடுத்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பா விரியும் வரை கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டுப் போனார். அம்மா முந்தானையால் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே, "ஆபீஸ் போகணுமாடி?" என்றார். இன்றைக்கு முழுக்க லீவு என்றேன். "அப்போ அப்படியே மயிலாப்பூர் போய் ஒரு மத்தியானக் கச்சேரி கேட்டுட்டுப் போலாமா? கண்ணுதானே மங்கல், காது நல்லாத்தானே இருக்கு."

விழித்திரையில் பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் வாங்க என்று டாக்டர் சொன்னதும் ஆட்டோ பிடித்தோம். சீசனில் மத்தியானக் கச்சேரிகள் பெரும்பாலும் இளம் பாடகர்களுக்கானவை, பல சபாக்களில் டிக்கெட்டும் கிடையாது. பாடிய பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். மேடை சரியாகத் தெரியாமலே அம்மா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு இடத்திலும் தப்பாமல், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடியும் வரை. அப்புறம் கேன்டீனில் ஆளுக்கொரு காபி. அலுவலகத்திலிருந்து வந்த அழைப்புகளுக்கு வீட்டுக்கு வந்து பதில் சொல்லிக்கொண்டேன்.

என் நடைக்கு அம்மா பொறுப்பு, கோலம் போட்டு முடித்ததும் கதவைத் தட்டிவிடுகிறார். தோழியோடு ஞாயிற்றுக்கிழமை பேசியாயிற்று, பொங்கலுக்கு வருகிறாளாம். கணவருக்குப் பல் டாக்டர் பாக்கி இருக்கிறது. அவரைக் கேட்கும் பொறுப்பு என்னுடையது, ஜனவரி முதல் சனிக்கிழமை என்று தேதியும் குறித்துவிட்டேன்.