ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார்கள்

கோத்தகிரியில் இருந்துகொண்டு ரைஃபிள் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், "பன்னிக்கா, காட்டெருமைக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "எங்க கேரட் பாத்திய ஒரு ராத்திரி பார்த்துக்கோயேன்" என்று நிஜமாகவே கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நீலகிரியில் வேட்டைக்கென்றே 1879-இல் தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். துப்பாக்கி என்றால் இங்கே வேட்டைதான். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தும் அந்த நினைப்பு போகவில்லை.

என்னுடையது ஏர் ரைஃபிள். 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைப் பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் போடும், அவ்வளவுதான். குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாவிட்டால் லைசென்ஸ் வேண்டாம். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. குன்னூர் இறங்கும் பஸ்ஸில் கண்டக்டருக்குக்கூட விளக்கியிருக்கிறேன்.

நான் சுடப் பழகும் கிளப் குன்னூர்ப் பக்கம். சேருவதில் சொல்ல ஒன்றுமில்லை: ஆதார் நகல், போட்டோ, பணம். கற்றுக்கொடுப்பவர் வெலிங்டனில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். முதல் ஐந்து வாரம் ஒரு பெல்லட்கூடக் கையில் தரவில்லை. வெறும் சுவரைப் பார்த்து நாலரைக் கிலோ ரைஃபிளைத் தூக்கு, நில், டிரிக்கரை அமுக்கு, இறக்கு. இதற்குப் பேர் டிரை பிராக்டிஸ். இடது முழங்கையை இடுப்பெலும்பு மேல் உட்கார வைத்து, கையால் தூக்காமல் எலும்பால் தாங்க வேண்டும். சொல்வது சுலபம். தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் பதினெட்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த இடுப்பு எனக்கு. ஒருநாள் பொறுக்காமல், "மாஸ்டர், எப்போ சுடுறது?" என்று கேட்டேன். "சுவத்துல இன்னும் குறி ஆடுதே, அது நின்னதும் சுடலாம்மா" என்றார்.

பெல்லட் கைக்கு வந்த பிறகுதான் மலை தன் வேலையைக் காட்டியது. நாங்கள் சுடும் ரேஞ்ச் ஒரு பக்கம் திறந்த ஷெட். மதியம் மூன்று மணிக்கு மேல் மஞ்சு, அதாவது பனிமூட்டம், உள்ளே வந்துவிடும். ரைஃபிளில் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பீப் சைட்டின் சின்னத் துளை வழியாகப் பார்த்தால், முன்னால் இருக்கும் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் பளிச்சென்று நிற்க வேண்டும். மஞ்சு வந்தால் அது சாம்பலாகி, ஓரம் கரைந்து, வளையத்துக்குள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. நடுவில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து என்பதுதான் ஒரே ஆறுதல்.

அட்டையும் ஈரம் குடிக்கும். காய்ந்த அட்டையில் பெல்லட் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். நமத்த அட்டையில் நார் நாராகக் கிழியும், ஒன்பதா பத்தா என்று சண்டைதான் வரும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஃபேக்டரி. டிரையர் ரூமில் இலை காயும் சூட்டுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அட்டைக் கட்டை அங்கே வைத்துவிட்டு ஞாயிறு காலையில் எடுத்துக்கொண்டு போவேன். கிளப் முழுக்க என் அட்டைக்குத்தான் கிராக்கி. தேயிலைத்தூள் வாசம் அடிக்கிறது என்று ஒரு பையன் மட்டும் குறை சொல்வான்.

காற்று அடைப்பது இன்னொரு பாடு. ரைஃபிள் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வேண்டும். சைக்கிள் பம்ப் மாதிரி நின்றுகொண்டு அடிக்கும் கைப்பம்ப் உண்டு. ஆனால் இங்கே காற்றிலேயே தண்ணீர் இருப்பதால், அது சிலிண்டருக்குள் போய் வால்வைத் துருப்பிடிக்க வைக்கும் என்று மாஸ்டர் விடவே மாட்டார். கிளப்புக்குப் பொதுவாக ஒரு பெரிய சிலிண்டர். அதைக் கோயம்புத்தூர் கொண்டுபோய் நிரப்பி வர வேண்டும். யார் கீழே போனாலும், "சிலிண்டர எடுத்துட்டுப் போறீங்களா?" என்பதுதான் அந்த வாரத்துப் பேச்சு.

இத்தனைக்கும் வழி கண்டுபிடித்தவள் ஸ்வெட்டரில் கோட்டை விட்டேன்.

நான் வாங்கியது பழைய ஷூட்டிங் ஜாக்கெட். கேன்வாஸும் தோலும் வைத்துத் தைத்து விறைப்பாக நிற்கும். முதல் நாள் போட்டுப் பார்த்தபோது ஜனவரிக் குளிர், உள்ளே அம்மா பின்னிக் கொடுத்த கம்பளி ஸ்வெட்டர். கச்சிதமாக இருந்தது. அப்புறம் ஒன்றரை வருஷம் அப்படியேதான் சுட்டேன். "கழட்டிட்டுப் போடும்மா, கீழ போனா விடமாட்டாங்க" என்று மாஸ்டர் ஒருமுறை சொன்னார். சரி சரி என்றேன், கழற்றவில்லை. குளிருகிறதே!

போன ஏப்ரலில் கோயம்புத்தூரில் போட்டி. பதினாலு கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் பஸ் நின்றபோதே முதுகு நனைந்துவிட்டது. அதற்கு முன்பே, வழியில் பர்லியாறு செக்போஸ்டில் ரைஃபிள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பில்லையும் கிளப் கடிதத்தையும் காட்டினேன். "மெடலோட வாங்கக்கா" என்று மூடிக் கொடுத்தார் போலீஸ்காரத் தம்பி.

போட்டிக்கு முன் உடையையும் ரைஃபிளையும் சோதிப்பார்கள். வட்டமான இரும்புக் காலைத் துணிமேல் அழுத்தினால் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று காட்டும் ஒரு கருவி. ஜாக்கெட் 2.5-க்குள் நின்றது. "உள்ளே என்ன போட்டிருக்கீங்க?" என்றார்கள். அந்த வெயிலிலும் நான் ஸ்வெட்டரோடுதான் நின்றேன், பழகிய நிலை மாறக்கூடாதென்று. உள்ளே போடுவதற்கும் அதே 2.5 தான் வரம்பு. அம்மாவின் பின்னல் எங்கே அதற்குள் அடங்கும்? கழற்றச் சொன்னார்கள். விதியில் தப்பே இல்லை. உடை தடித்தால் உடம்பை அதுவே தாங்கிவிடும், அப்புறம் அது என்ன போட்டி?

டி-ஷர்ட் மேல் ஜாக்கெட்டைப் போட்டதும் பொத்தானுக்குக் கீழே கைவிடும் அளவுக்குத் தொளதொளப்பு. லேனில் போய் நின்று ரைஃபிளைத் தூக்கினேன். முழங்கை எலும்பில் உட்காரவில்லை, வழுக்கியது. ஒன்றரை வருஷமாக என் முழங்கை உட்கார்ந்திருந்தது இடுப்பில் இல்லை, இடுப்பில் மடிந்த கம்பளியில்! தயாராகவும் பழகவும் தந்த பதினைந்து நிமிடத்தில் காலை நகர்த்தினேன், ரைஃபிளின் தோள்தட்டை ஒரு திருகு இறக்கினேன். குறி அப்போதும் வலதுபக்கமே இழுத்தது.

அப்புறம் 60 குண்டு, 75 நிமிடம். 2017 வரைக்கும் பெண்களுக்கு 40 தான். அன்றைக்கு அந்தப் பழைய கணக்கே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அட்டை கிடையாது, பக்கத்தில் இருக்கும் திரையில் ஒவ்வொரு குண்டின் மதிப்பெண்ணும் தசமத்தோடு விழும். முதல் பத்து: 86.3. அதில் ஒரு 6.8 வேறு. ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, மாஸ்டர் சொன்ன சுவரை நினைத்துக்கொண்டேன். குண்டே இல்லாத மாதிரி நாலு முறை தூக்கி இறக்கினேன். முழங்கையை ஒரு விரல்கடை முன்னால் தள்ளியதும் எலும்பு கிடைத்தது. அடுத்தடுத்து 90.1, 93.7, 95.2, 94.4. கடைசிப் பத்து 96.0. மொத்தம் 555.7. முதலில் வந்த பள்ளிக்கூடப் பெண் 620-ஐத் தாண்டியிருந்தாள். இடம் என்ன என்று கேட்காதீர்கள்.

திரும்பும்போது குன்னூரில் மழை. பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு மாஸ்டருக்கு போன் செய்தேன். ஸ்கோரைச் சொன்னேன், சோதனை மேசையில் நடந்ததையும் சொன்னேன். "கடசிப் பத்து எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அப்போ ஞாயித்துக்கிழமை டி-ஷர்ட்ல வாங்க."

இப்போது ஸ்வெட்டருக்கு ரேஞ்ச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர், விரல் மரத்தால் டம்ளரைப் பிடித்துக்கொள்ள. பத்து குண்டுக்கு ஒருமுறை போய்ப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.