படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் 2008-இல் வாங்கிய, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ரிசீவரும், ஐந்து ஸ்பீக்கர்களும், ஒரு சப் ஊஃபரும் இன்றுவரை எந்தக் குறையுமில்லாமல் உழைத்து வருகின்றன. சென்ற மாதம் 4கே டிவி வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. ஸ்ட்ரீமிங் பெட்டியை வழக்கம்போல ரிசீவரில் செருகி, அதன் வழியாக டிவிக்குக் கொண்டுபோனால் 4கே படம் வர மறுத்தது. அதற்கு வேண்டிய, படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கும் எச்.டி.சி.பி. 2.2 என்னும் காப்புப் பூட்டு, ரிசீவர் வந்து ஐந்தாண்டுகள் கழிந்த பிறகு 2013-இல் வந்தது. பெட்டியை நேரே டிவியில் செருகலாம் என்றால், டிவியிலிருந்து ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதியும், படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கடத்தும் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் 2009-இல் வெளியான 1.4 பதிப்பில்தான் சேர்ந்தது. ஓராண்டில் தவறவிட்டிருக்கிறேன்.

வண்ணார்பேட்டைக் கடையில் விசாரித்தபோது, "பழச தூரப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. கெட்டுப்போகாத பொருளைத் தூரப் போடுவதற்கு, படமும் ஒலியும் ஒரே கம்பியில் வருகின்றன என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவற்றைப் பிரித்துவிட்டால் போதும்.

அதைச் செய்வதற்கென்றே ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி கிடைக்கிறது. ஸ்ட்ரீமிங் பெட்டியின் எச்.டி.எம்.ஐ. கம்பி அதில் நுழைகிறது. படம் மற்றோர் எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கும், ஒலி, அதை வெளிச்சமாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிள் வழியாக ரிசீவருக்கும் போகின்றன. முதல் நாள் ஒலியே வரவில்லை. அரை மணி நேரம் திண்டாடிய பிறகுதான், கேபிள் முனையில் ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் மூடியை நான் கழற்றவேயில்லை என்பது தெரிந்தது. கழற்றியதும் முனையில் குன்றிமணி போலச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது.

ஒலி வந்தும் பின் ஸ்பீக்கர்கள் ஊமையாகவே இருந்தன. ஸ்ட்ரீமிங் பெட்டி எதையும் அனுப்புவதற்கு முன் மறுமுனையிடம் அதன் தகுதியைக் கேட்டுக்கொள்ளும். அந்தப் பதிலுக்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். இரண்டு ஸ்பீக்கர் மட்டுமே உள்ள டிவி "எனக்கு ஸ்டீரியோ போதும்" என்று சொல்லிவிட, ரிசீவருக்கும் அதுவே வந்து சேர்ந்தது. எக்ஸ்ட்ராக்டரின் பக்கவாட்டில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை 5.1-க்கு, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப் ஊஃபரும் என்ற கணக்குக்கு நகர்த்தினால், டிவிக்குப் பதிலாக எக்ஸ்ட்ராக்டரே பதில் சொல்லிவிடுகிறது. ஸ்ட்ரீமிங் சேவைகள் பெரும்பாலும் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்னும் ஒலி வடிவம் ஆப்டிகலில் போகாது என்பதால், பெட்டியின் அமைப்பில் வெறும் டால்பி டிஜிட்டல் என்று மாற்றவும் வேண்டியிருந்தது. ட்ரூ எச்.டி. போன்ற உயர்தர ஒலியை இந்த வழியில் மறந்துவிட வேண்டியதுதான். எங்கள் முன்னறைக்கு அது பெரிய இழப்பில்லை.

அடுத்த குறையைக் கண்டுபிடித்தவர் அம்மா. "ஏல, பேச்சு முன்னால வருது, வாய் பொறவுல்லா அசையுது" என்றார். டிவி படத்தைச் செப்பனிட்டுக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது; தனி வழியில் போகும் ஒலி அதற்காகக் காத்திருப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே நமக்குத் தெரிந்துவிடும். பிந்தினாலோ 125 வரை தெரியாது. குறுக்குத்துறையில் நின்று எதிர்க்கரையில் துணி துவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல: துணி கல்லில் விழுந்து, கை மறுபடி மேலே எழும்போதுதான் சத்தம் ஆற்றைக் கடந்து வரும். பிந்தி வரும் ஒலி இயற்கை, முந்தி வரும் ஒலி எங்கும் கிடையாது.

ரிசீவரின் மெனுவில் ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு இருந்தது. பத்துப் பத்தாகக் கூட்டி, 80 மில்லிசெகண்டில் அம்மா தலையசைத்தார். சினிமாக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு ஃபிரேம்.

டிவி ரிமோட்டால் ஒலியைக் கூட்டிக் குறைக்க முடியாது என்பது மட்டும் பாக்கி. ரிசீவர் ரிமோட்டின் அந்த இரண்டு பொத்தான்களிலும் சிவப்பு நகப்பூச்சு வைத்து அம்மா கையில் கொடுத்திருக்கிறேன்.