ஏடிவியில் பனி தள்ளும் பிளேடு: பொருத்தியதும் திருத்தியதும்

ஒன்டாரியோவின் கிராமப்புறத்தில் 30 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் கொண்ட ஜல்லி டிரைவ்வே (சாலையிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதை). 15 செ.மீ. பனி விழுந்தால் 13.5 கன மீட்டர். புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டாலும் 1,350 கிலோ. ஈரப்பனி அதைப்போல் மூன்று மடங்கு கனக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் 500 சிசி ஏடிவிக்கு (கரடுமுரடான தரையில் ஓட்டும் சிறிய நாற்சக்கர வண்டி) இது பெரிய வேலை இல்லை. தொல்லை தருவது எஞ்சின் அல்ல, கயிற்றைச் சுற்றிப் பிளேடைத் தூக்கும் மின் உருளையான வின்ச்.

முதலில் அகலம். வண்டி 47 அங்குலம் என்பதால் 54 அங்குல பிளேடு போதும் போலத் தோன்றும். பனியை ஓரம் கட்ட பிளேடை 30 டிகிரி திருப்பினால் அது 47 அங்குலத்தையே வழிக்கும். பின்சக்கரம் பனியில் ஏறிவிடும். 60 அங்குல பிளேடு என்றால், திருப்பினாலும் 52 அங்குலம் நிற்கும். அதையே வாங்க வேண்டும்.

தள்ளும் சட்டத்தை வண்டியின் அடிவயிற்றில் யு-போல்ட் கொண்டு பிணைக்கிறோம். முறுக்கும் முன் பிரேக் குழாயும் வயர்களும் நடுவில் சிக்கவில்லையா என்று பார்க்கவும். ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி முறுக்கினால் நட்டு கொஞ்சம் திரும்பவே செய்யும்.

இனி வின்ச். 2,500 பவுண்டு வின்ச்சுக்குப் பிளேடின் எடை பொருட்டே இல்லை. ஆனால் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒருமுறை தூக்கி இறக்க வேண்டும். கம்பிக் கயிறு ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, கொக்கிக்குப் பக்கத்தில் இழை இழையாகப் பிரியும். கையுறை இல்லாமல் தொட்டால் ரத்தம்தான். கம்பியைக் கழற்றிவிட்டு, பனி தள்ளுவதற்கென்றே விற்கும் குட்டை நாடாவை மாட்டியதும் அந்தப் பிரச்சினை போய்விட்டது. பிளேடு முழுதாக ஏறிய பின்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் நாடா அறும், அல்லது வின்ச் தட்டு வளையும். ஏற வேண்டிய உயரத்தில் நாடாவில் பெயின்ட் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். இறக்கும்போது அளவுக்கு மீறித் தளர்த்தினால் உருளையில் தலைகீழாகச் சுற்றும், ஏற்றும் பொத்தான் இறக்கத் தொடங்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்சாரமும் போதாது, குளிரில் பேட்டரியும் சோர்ந்திருக்கும். ஆர்பிஎம் சற்று ஏற்றி வைத்துத் தூக்கவும்.

பிளேடின் கீழ் இருக்கும் சறுக்குப் பாதங்களை ஜல்லித் தரையில் ஓர் அங்குலம் இறக்கி வைத்தோம், பிளேடின் விளிம்பு ஜல்லியைத் தொடாமல் இருக்க. தரை உறையும் முன் எவ்வளவு இறக்கினாலும் ஜல்லி வாரிக்கொண்டு போகும். அதனால் முதல் பனியைத் தள்ளாமல், மேலேயே ஓட்டி மிதித்து விடுவது நல்லது. அது உறைந்து பலகைபோல் ஆகிவிடும். கான்கிரீட் தரை என்றால் பாதங்களைக் கழற்றி, பிளேடின் அடிவிளிம்பில் உள்ள தேய்பட்டை மட்டும் உரச விடலாம்.

மறைந்த கல்லில் இடித்தால் பிளேடு முன்பக்கம் மடிய வேண்டும். பிளேடை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஈரப்பனிக்கே மடியும். இறுகியிருந்தால் அடி முழுதும் சட்டத்தில் இறங்கும். ஈரப்பனியில் மடியாமல் நிற்கும் அளவுக்குமேல் முறுக்காதீர்கள்.

லோ கியர், நடைவேகம். ஹை கியரில் தள்ளினால், எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்ட் தீயும் வாசனை சீக்கிரமே வரும். பின் ரேக்கில் மணல் மூட்டை (ரேக்கில் எழுதியுள்ள வரம்புக்குள்), பின்சக்கரங்களுக்குச் சங்கிலி. பிளேடில் ஒட்டும் ஈரப்பனிக்குச் சிலிக்கான் ஸ்பிரே உதவும், ஆனால் அடிக்கடி அடிக்க வேண்டும்.

முதல் சில பனிகளிலேயே ஓரத்தைத் தாண்டி ஒரு மீட்டர் தள்ளி வைக்கவும். கரைகள் உறைந்தால் நகராது. பிப்ரவரியில் கார் நுழைய இடம் இருக்காது.

வாசலில் நகராட்சியின் பனி தள்ளும் வண்டி விட்டுப்போகும் கட்டிப்பனியை முட்டித் தள்ள வேண்டாம். பாதி பிளேடு அகலத்துக்கு ஓரத்திலிருந்து சீவி எடுக்கவும். அதைச் சாலையில் கொட்டுவது ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவுப்படி குற்றம். தன் பக்கத்து ஓரத்திலேயே குவிக்க வேண்டும்.