ஆச்சரியக்குறிகளோடு ஒரு வாரம்

1986 டிசம்பர். அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவன் நான். ஊருக்குப் போகும் வழியில் லண்டனில் இறங்குகிறேன், ஹீத்ரோவுக்கு வா என்று பிரிட்டனில் படிக்கும் நண்பனுக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்கு ஃபோன் போட என் உதவித்தொகை தாங்காது. மின்னஞ்சல்தான் சும்மா கிடைக்கிறதே என்று உட்கார்ந்தேன்.

எங்கள் துறையில் இருந்தது யூயூசிபி மட்டும்; யூனிக்ஸ் மெஷின்கள் ஃபோன் லைனில் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கடிதம் கைமாற்றும் முறை. அதில் எந்தெந்த மெஷின் வழியாகக் கடிதம் போக வேண்டும் என்று நாமே வரிசையாக எழுதி, நடுவில் ஆச்சரியக்குறி போட வேண்டும். கட்டளைகளை அடிக்கும் சி-ஷெல்லில் அந்தக் குறியை அப்படியே அடித்தால் பழைய கட்டளையைத் தேடிப் போய், 'ஈவென்ட் நாட் ஃபவுண்ட்' என்று திட்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் போடணும். இதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம்.

நண்பன் தபாலில் எழுதிய முகவரி 'யுகே.ஏசி' என்று தொடங்கியது. அவர்களுடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கான ஜேனட்டில் நாடு முதலில், மெஷின் கடைசியில். தலைகீழாக எழுதிவிட்டான் என்று திருத்தப் போனேன். நல்லவேளை, எங்கள் சிஸ்டம் அட்மின் தடுத்துவிட்டார். ஜேனட்டை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் கேட்வேயின் பெயரை '@' போட்டுக் கடைசியில் சேர்த்து அனுப்பினேன்.

ராத்திரி கட்டணம் குறைவு என்று மெஷின்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதே அப்போதுதான். மூன்றாம் நாள் கடிதம் திரும்பி வந்தது: ஹோஸ்ட், அதாவது போக வேண்டிய மெஷின், தெரியாதாம். வழியில் இருந்த மெஷினின் பொறுப்பாளருக்கு எழுதினால், "முகவரி தப்பு" என்று ஒற்றை வரி. தப்பெல்லாம் இல்லை. ஆச்சரியக்குறியும் '@'-உம் கலந்த முகவரியில், சில மெஷின்கள் முதலில் ஆச்சரியக்குறியைப் பார்க்கும், சில '@'-ஐப் பார்க்கும். அவருடைய மெஷின் இரண்டாவது ரகம். எதிரே இருந்த வழியை விட்டுவிட்டு, தனக்குத் தெரியாத கேட்வேயைத் தேடியிருக்கிறது. இரண்டையும் கலந்திருக்கக் கூடாது.

அப்புறம், எல்லோரும் பதிவு போட்டுப் பேசிக்கொள்ளும் யூஸ்நெட் கைகொடுத்தது. நண்பனின் துறைக்காரர் ஒருவர் எழுதிய பதிவின் அடியில், கையெழுத்தோடு முழு வழியும் இருந்தது: சைஸ்மோ!எம்சிவாக்ஸ்!யுகேசி! என்று. அந்த மூன்று மெஷின்களும் இருந்தது வர்ஜீனியா, ஆம்ஸ்டர்டாம், கென்ட். '@' கிடையாது. கடைசியில் அவன் பெயரைச் சேர்த்து மறுபடி அனுப்பினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பதில் வந்தது. திரை கொள்ளாத ஹெட்டருக்கு அடியில், ஆங்கில எழுத்தில் தமிழ்: "வரேன்டா. ஸ்வெட்டர் பத்தாது, கோட் எடுத்துக்கோ."