சர்ர்ர் என்று ஒரு குரல், சருகில் ஒரு வீடு

அக்கா குடும்பம் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறது. நான் பொள்ளாச்சியில். மாதம் ஒரு சனி, ஞாயிறு ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு இறங்கி வருவேன். பறவை பார்க்க பைனாகுலர் வாங்கிய பிறகு சாப்பாடு இரண்டாம்பட்சமாகிவிட்டது என்று அக்காவுக்கு வருத்தம்.

தேயிலைக்கு நடுவே அங்கங்கே தீவு மாதிரி மழைக்காட்டுத் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. காட்டுக்குள் இறங்க அனுமதி கிடையாது. அதையொட்டிப் போகிற சாலைதான் என் இடம். அக்டோபரில் அங்கேதான் முதலில் கேட்டேன். இடுப்பு உயரப் புதருக்குள்ளிருந்து, சீப்பின் பற்களில் நகத்தை வேகமாக ஓட்டினால் வருமே, அப்படி ஒரு சர்ர்ர். இனிமையான பாட்டு என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்து நாலைந்து பக்கத்திலிருந்தும் அதே சத்தம். புதர் அசைகிறது, ஆள் தெரியவில்லை.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலியைத் திறந்து நீட்டினேன். சில்வண்டு இரைச்சலும் ஓடைச் சத்தமும் சேர்ந்து அதைக் குழப்பியிருக்க வேண்டும், இரண்டு நாளில் மூன்று பெயர் சொன்னது. நோட்டில் "சீப்புக்காரன்" என்று எழுதி வைத்தேன்.

நவம்பரில் மழை, அட்டைக்கடி. எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பரில் முறையை மாற்றினேன். அதுவரை சத்தம் வந்த பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தவன், காலை ஏழு மணிக்குப் போய் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து நிமிடம் எதுவும் இல்லை. போனை எடுக்கலாமா என்று கை போனபோது, மலையாளத்தில் ஈட்ட என்பார்களே, அந்த நாணல் மூங்கில் புதருக்கு அடியில் ஒன்று எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று. ஆறோ ஏழோ இருக்கும். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. முதுகு மண் நிறம், தொண்டையும் நெஞ்சும் வெள்ளை, தலை கறுப்புத் துணியை இழுத்துப் போர்த்தியது மாதிரி. அந்த இருட்டுத் தலையில் வெளிர் மஞ்சள் கண் மட்டும் பொட்டு வைத்ததுபோல் தெரிந்தது. இலைகளின் அடிப்பக்கத்தைக் கொத்தியபடி தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் போகாமல் ஊர்ந்து மறைந்தன. மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் அங்கே வேறு தலைவலி. இரண்டு பேர் மீது சந்தேகம். ஒன்று, பழைய புத்தகங்கள் குவேக்கர் பாப்ளர் என்று சொல்கிற சாம்பல் தலைப் பறவை. ஆனால் அதற்கு வயிற்றுப் பக்கம் வெளிர் பழுப்பு, வெள்ளை கிடையாது. உருவமும் சற்றுப் பெரியது. பல இனப் பறவைகளோடு கூட்டமாக நடுமரத்தில் திரியும், நன்றாக விசிலடித்துப் பாடும். அதைத் தள்ளிவிட்டேன். மிஞ்சியது கருந்தலைச் சிலம்பன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது, 13 செ.மீ. நீளம். மற்ற எல்லாம் பொருந்தியது, தலையைத் தவிர. படத்தில் தலை அட்டக் கறுப்பு. நான் பார்த்தது புகை படிந்த அடுப்பங்கரைச் சுவர் நிறம். மங்கல் வெளிச்சம்தான் காரணம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஜனவரியில் நல்ல வெயிலில் மறுபடி பார்த்தேன். அப்போதும் புகை நிறம்தான்.

இந்த ஒரு கேள்விக்காக உட்கார்ந்து படித்ததில்தான் பறவை எனக்குப் பழகியது. 1839இல் பறவையியலாளர் ஜெர்டன் இதற்கு வைத்த பெயரில் இருக்கிற அட்ரிசெப்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே கருந்தலை என்றுதான் பொருள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரி, வயநாடு பக்கம் இருப்பவற்றுக்கு அந்தப் பெயர் அப்படியே பொருந்தும். கணவாய்க்குத் தெற்கே இருப்பது வேறு துணையினம், தலை புகைக் கறுப்பு. போர்டில்லன் என்ற பறவை ஆர்வலரின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். வால்பாறை கணவாய்க்குத் தெற்கே அல்லவா? என் கண்ணில் கோளாறு இல்லை, படம்தான் வடக்கத்தி. இலங்கைக்குப் போனால் தலை முழுக்கக்கூடக் கறுப்பு கிடையாது. உச்சி முதுகு மாதிரியே பழுப்பு, முகத்தில் மட்டும் திருடன் கட்டுகிற மாதிரி கறுப்புப் பட்டை.

இன்னொன்றும் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் இதையும் அந்தக் குவேக்கரையும் ஒரே பேரினத்தில் போட்டு வைத்திருந்தார்கள். இன்றைக்கு இது ரோபோசிக்லா என்ற பேரினத்தில் தன்னந்தனியாக நிற்கிறது. நான் குழம்பியதில் தப்பில்லை என்று மச்சானிடம் சொன்னேன். "நூத்தம்பது வருசம் லேட்டு மாப்ளே நீ" என்றார்.

பிப்ரவரி. அதே ஈட்டப் புதர்களில் இலை உதிர்ந்த ஒரு பக்கம், காற்றில் அடித்து வந்து சிக்கிய மாதிரி ஒரு சருகு உருண்டை. தேங்காய் அளவு இருக்கும். முதலில் குப்பை என்றே நினைத்தேன். நான்கடி தள்ளி இன்னொன்று. அப்புறம் ஒன்று. ஐம்பதடி தூரத்துக்குள் ஏழு. மச்சானைக் கூட்டிவந்து காட்டினேன். "எலி கட்டுனது, கைய விடாத" என்றார். சாலை விளிம்பில் இருந்த ஒன்றில், பக்கவாட்டில் ஓட்டை தெரிந்தது. விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்தேன். காலி. மூங்கில் இலையும் காய்ந்த புல்லும்தான். (செய்திருக்கக் கூடாது. இப்போது செய்வதில்லை. முட்டையோ குஞ்சோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?)

ஏழு கூடு, ஒன்றில்கூட ஆள் இல்லை. இதற்கு விடை இலங்கையிலிருந்து வந்தது. அங்கே பணியாற்றிய ராணுவ அதிகாரி லெக், அந்தத் தீவின் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதியவர். இந்தப் பறவையின் சருகுக் கூடுகளை நூற்றுக்கணக்கில் பார்த்தும் எல்லாம் காலி. நம்பிக்கை போன பிறகு, 1870களில் ஒரு ஜனவரியில்தான் புதிதாகக் கட்டிய ஒரு கூட்டில் இரண்டு முட்டைகளைக் கண்டாராம். பறவையும் உள்ளேயே இருந்ததால்தான் முட்டை இதனுடையது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. முட்டை வைக்க ஒன்று, சும்மா கட்டிப்போட்டது பல. இதைப் படித்ததும் எலிக் கதையை விட்டுவிட்டேன்.

அப்படியானால் மீதிக் கூடுகள் எதற்கு? பொழுது சாயும்போது பார்த்தால் தெரியும் என்று தோன்றியது. ஆனால் வால்பாறையில் இருட்டுகிற நேரத்தில் புதரோரம் உட்காருவது விளையாட்டு இல்லை. சிறுத்தை நடமாட்டம், யானை. அக்கா போட்ட சத்தத்தில் மச்சான் ஜீப்பை எடுத்து வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருப்பது என்று ஒப்பந்தம்.

மார்ச்சில் முதல் மாலை வீண். இரண்டாம் மாலை மச்சான் குறட்டை விட ஆரம்பித்த நேரம், ஆறேகால் இருக்கும், கூட்டம் புதருக்கு வந்தது. வழக்கமான சர்ர்ர் இல்லை. மெல்லிய கிசுகிசுப்பு மட்டும். ஒன்று மூன்றாவது உருண்டையின் ஓட்டையில் தலையை விட்டது, வெளியே எடுத்தது, மறுபடி விட்டது, உள்ளே போனது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது உள்ளே நுழைய இடமில்லாமல் அடுத்த உருண்டைக்குத் தாவியது. கண் தெரியாத அளவு இருட்டுகிற வரை பார்த்தேன், ஒன்றும் வெளியே வரவில்லை. மச்சானை எழுப்பிச் சொன்னேன். "அப்போ அது லைன் வீடா?" என்றார். எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு அதுதான் பெயர். எஸ்டேட்டில் வளர்ந்தவர் வாயில் வேறென்ன வரும். நோட்டிலும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில்தான் அந்தக் கிசுகிசுப்பு உறைத்தது. அன்றைக்கு நான் ஜீப்புக்குள், கண்ணாடிக்குப் பின்னால். டிசம்பரில் கல்லில் உட்கார்ந்த நாளிலும் அவை வந்தபோது சர்ர்ர் கிடையாது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். சர்ர்ர் என்று குறித்த ஒவ்வொரு நாளும் நான் புதரை நெருங்கி நடந்திருக்கிறேன். அக்டோபரிலிருந்து இந்தப் பறவையின் பாட்டு என்று எழுதி, செயலிக்கும் ஊட்டிக்கொண்டிருந்தது, ஆள் வந்துட்டான் என்று அவை என்னைப் பற்றி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்ட எச்சரிக்கை. "பாட்டு" என்று இருந்த இடங்களில் எல்லாம் ஒரு கோடு போட்டு "திட்டு" என்று எழுதினேன். பதினொரு இடம்.

ஏப்ரலில் வேலை விஷயமாக நீலகிரிக் கூடலூர் போனபோது நடுவில் ஒரு மணி நேரம் கிடைத்தது. வழியோரப் புதர் ஒன்றில் மூன்று நொடி பார்த்தேன். அட்டக் கறுப்புத் தலை, புத்தகப் படம் அப்படியே. நான் நின்ற இடம் நெருக்கம்தான் போல, நன்றாகத் திட்டின.

கடைசிக் குறிப்பு போன வாரத்தது. வால்பாறை, மே கடைசி, தூறல். ஏழு உருண்டைகளில் இரண்டு பிய்ந்து தொங்குகின்றன. ஆனால் புதருக்குள் சற்று உள்வாங்கி புதிதாக ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. நான் பார்க்கும்போது ஒன்று நீளமான மூங்கில் இலையைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு வந்து, கூட்டுக்குப் போகாமல் கிளையிலேயே நின்றது. வாயில் இலை இருக்கும்போதே சர்ர்ர். அடுத்த புதரிலிருந்தும் சர்ர்ர். கண்ணாடியை ஏற்றினேன், நிற்கவில்லை. ஜீப்பை எடுத்து முப்பதடி தள்ளி, வளைவைத் தாண்டி நிறுத்தினேன். பைனாகுலருக்கு இப்போது புதரின் முனை மட்டும்தான் எட்டுகிறது. சத்தம் நின்றுவிட்டது.